இளம் வயசு ஆட்களை வேலைக்கு எடுக்கிறதும் நிலைக்க வைக்கிறதும்: முதலாளிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏழு மாசம் முன்னாடி சேர்ந்த பொண்ணு, வயசு 23. ஒரு திங்கக்கிழமை காலையில வந்து ராஜினாமா லெட்டரை நீட்டுனாங்க. நல்லா வேலை பார்த்த பொண்ணு. "ஏம்மா, சம்பளம் பத்தலையா?"ன்னு கேட்டேன். "அது இல்ல சார். ஏழு மாசமா நான் செய்றது சரியா தப்பான்னு யாருமே சொல்லல. தப்புன்னா திட்டியிருப்பாங்க, திட்டல, அப்போ சரிதான்னு நானா நினைச்சுக்கிட்டேன். அப்புறம் அதுவும் சந்தேகமாயிடுச்சு சார்"ன்னாங்க. அவங்க டீம் லீடரைக் கூப்பிட்டுக் கேட்டா, "அது நல்லா பண்ற பொண்ணு சார், அதான் ஒண்ணும் சொல்லல, சொதப்புறவங்களைப் பார்க்கவே எனக்கு நேரம் பத்தல"ன்றாரு. ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோபம் வரல. அந்த டீம் லீடருக்கு ஆளை எப்படிப் பார்த்துக்கணும்னு நாங்க சொல்லிக் கொடுத்ததே இல்ல, அது எங்க தப்பு.

ஆள் எடுக்கிறது, ஆளைப் பார்த்துக்கிறதுன்னு பல வருஷமா இதே வேலையில இருக்கேன். "இந்தக் காலத்துப் பசங்க நிக்கவே மாட்டேங்கிறாங்க"ன்னு கேட்காத வாரம் கிடையாது. என் அனுபவத்துல, "இங்க இருந்தா நான் வளர்வேனா?"ங்கிற கேள்விக்கு ஆமான்னு பதில் கிடைக்கிற வரைக்கும் அவங்க நிக்கிறாங்க, அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியது கம்பெனி போஸ்டர் கிடையாது, அவங்களுக்கு நேர் மேல இருக்கிற ஆளு. கீழ இருக்கிற எல்லாப் படியும் இதைச் சுத்தித்தான். பத்து பேர் இருக்கிற சின்ன யூனிட்டா இருந்தாலும் சரி, ஆயிரம் பேர் இருக்கிற கம்பெனியா இருந்தாலும் சரி, செய்யலாம். சின்ன இடத்துல இன்னும் சுலபம்.

படி 1: "இந்தத் தலைமுறையே இப்படித்தான்"ங்கிற பேச்சை நிறுத்துங்க

1997லயும் அதுக்கு அப்புறமும் பிறந்தவங்களை ஜென் ஸீ-ன்னும், 1981ல இருந்து 1996 வரை பிறந்தவங்களை மில்லேனியல்னும் அமெரிக்காவுல இருக்கிற பியூ ஆய்வு மையம் பிரிச்சு வச்சிருக்கு. பேர் வச்சதோட நிக்காம குணமும் ஒட்டிட்டோம்: பொறுமை இல்ல, விசுவாசம் இல்ல, போனை விட்டு கண்ணை எடுக்க மாட்டாங்க, இப்படி. இதுல எவ்வளவு உண்மைன்னு பார்க்க ஒரு கணக்கு போதும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை, ஒருத்தர் இப்போ இருக்கிற வேலையில எத்தனை வருஷமா இருக்காங்கன்னு பல வருஷமா கணக்கெடுத்துட்டு வருது. 25 முதல் 34 வயசுக்காரங்களோட நடுமதிப்பு (எல்லாரையும் வரிசையா நிறுத்தினா நடுவுல வர்றவரோட கணக்கு) 1983ல 3.0 வருஷம், 2024 ஜனவரியில 2.7 வருஷம். நாற்பது வருஷத்துல மாறினது சில மாசம்தான். இன்னைக்குப் பசங்களைக் குறை சொல்ற பல பேர் அந்த வயசுல அதே வேகத்துலதான் வேலை மாறியிருக்காங்க.

2012ல கோஸ்டான்ஸாவும் கூட இருந்த ஆய்வாளர்களும் 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, வேலையில திருப்தி, நிறுவனத்து மேல பற்று, விட்டுட்டுப் போகணும்ங்கிற எண்ணம் இதுலெல்லாம் தலைமுறைக்குத் தலைமுறை வித்தியாசம் ரொம்பச் சின்னது, பல இடத்துல இல்லவே இல்லைன்னு சொன்னாங்க. 2020ல அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களும் தலைமுறைப் பேரை வச்சு ஆட்களை நிர்வகிக்கிறதுக்குப் போதுமான ஆதாரம் இல்லைன்னு அறிக்கை கொடுத்துச்சு.

அப்போ எதுவுமே மாறலையான்னா, மாறியிருக்கு. சுத்தி இருக்கிறது மாறியிருக்கு. முன்னாடி பக்கத்துக் கம்பெனியில என்ன சம்பளம்னு தெரிஞ்சுக்க ஆள் பிடிக்கணும், இப்போ போன்ல பார்த்துடலாம். உங்க கம்பெனியில வேலை பார்த்து வெளிய போனவன் என்ன எழுதியிருக்கான்னு இன்டர்வியூவுக்கு வர்றதுக்கு முன்னாடியே படிச்சுட்டு வர்றாங்க. வேற வேலைக்கு அப்ளை பண்ண லீவு போட வேண்டியதில்ல, பஸ்ல உட்கார்ந்துட்டே பண்ணிடலாம். அதோட, இருபது வருஷம் உழைச்ச அப்பாவையோ அம்மாவையோ ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பினதைக் கண்ணால பார்த்து வளர்ந்தவங்க நிறைய பேர், அவங்ககிட்ட போய் விசுவாசம்னு பேசினா அது காதுல ஏறாது, ஏறாததுல நியாயமும் இருக்கு.

படி 2: யார் போறாங்க, எப்போ போறாங்கன்னு உங்க கணக்கை எடுங்க

எந்த மாத்தமும் பண்றதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க, பைசா செலவில்ல. கடைசி ரெண்டு வருஷத்துல வேலையை விட்டவங்க லிஸ்ட்டை ஒரு எக்ஸெல் ஷீட்ல போடுங்க. சேர்ந்த தேதி, போன தேதி, எந்த டீம், யார் கீழ இருந்தாங்க, சேரும்போது சம்பளம், போகும்போது சம்பளம், எங்க போனாங்க, என்ன காரணம் சொன்னாங்க. அவ்வளவுதான். மொத்தம் இத்தனை பேர் போயிட்டாங்கன்னு ஒரே சதவீதம் போட்டுப் பார்க்கிறதுல எதுவும் தெரியாது, எத்தனாவது மாசத்துல போனாங்கன்னு பிரிச்சுப் பாருங்க.

முதல் மூணு மாசத்துக்குள்ள போறாங்கன்னா நீங்க சொன்னது ஒண்ணு, உள்ள இருந்தது ஒண்ணுன்னு அர்த்தம், இல்லன்னா சேர்ந்தவங்களை யாரும் கவனிக்கல. ஒரு வருஷத்துல இருந்து ஒன்றரை வருஷத்துக்குள்ள கொத்தா போறாங்கன்னா வேலையைக் கத்துக்கிட்டாங்க, அதுக்கு மேல போக வழி இல்ல, இல்ல சம்பளம் வெளிய ஏறி உங்ககிட்ட ஏறாம நிக்குது. எல்லாரும் ஒரே ஆள் கீழ இருந்து போறாங்கன்னா, அதுக்கு விளக்கமே வேண்டாம். உதாரணத்துக்கு வருஷத்துக்கு 20 பேர் சேர்ந்து அதுல 8 பேர் போறாங்கன்னு வைங்க, அந்த 8ல 6 பேர் ஒரே டீம்னா நீங்க எல்லாருக்கும் சம்பளத்தை ஏத்தினாலும் அது நிக்காது.

போறவங்ககிட்ட கேட்கிறதை விட இருக்கிறவங்ககிட்ட கேட்கிறதுலதான் பலன் அதிகம். நல்லா வேலை பார்க்கிற அஞ்சாறு பேரைத் தனித்தனியா கூப்பிட்டு அரை மணி நேரம் பேசுங்க: காலையில வேலைக்குக் கிளம்பும்போது எதை நினைச்சா சந்தோஷமா இருக்கு, எதை நினைச்சா வேண்டாம்னு தோணுது, கடைசியா எப்போ இங்கிருந்து போயிடலாம்னு நினைச்சீங்க, அன்னைக்கு என்ன நடந்துச்சு. இந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். தாமஸ் லீ, டெரன்ஸ் மிட்செல்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1994லயே சொன்ன விஷயம், நிறைய பேர் மெல்ல மெல்ல வெறுத்துப் போய் விடுறதில்ல, ஏதோ ஒரு சம்பவம் அவங்களை உலுக்கி யோசிக்க வைக்குது. எல்லார் முன்னாடியும் வாங்கின ஒரு திட்டு, தனக்குன்னு நினைச்சிருந்த புரொமோஷன் வேற ஆளுக்குப் போனது, அவசரத்துக்குக் கேட்ட லீவு கிடைக்காதது. அந்தச் சம்பவங்களைச் சேகரிச்சீங்கன்னா உங்க கம்பெனியில எதைச் சரி பண்ணணும்னு லிஸ்ட் தானா வந்துடும்.

ஒண்ணு மட்டும், கேட்டுட்டு எதுவும் செய்யாம விட்டுடாதீங்க. அதுக்குக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

படி 3: சம்பளத்தை நேர் பண்ணுங்க

சம்பளம் முக்கியமில்லன்னு சொல்றவங்களை நம்பாதீங்க. ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 1959ல, அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் பக்கம் 200 சொச்சம் இன்ஜினியர்கள், கணக்கர்கள்கிட்ட பேசி வெளியிட்ட ஆய்வு இன்னைக்கும் உதவும். சம்பளம், மேற்பார்வை, வேலைச் சூழல் இதெல்லாம் குறைஞ்சா ஆள் கசந்து போவான், ஆனா அதை மட்டும் கூட்டிட்டே போனா வேலை மேல ஆசை வந்துடாது, ஆசை வர்றது சாதிச்ச உணர்வு, அங்கீகாரம், பொறுப்பு, வளர்ச்சி இதுலதான்னு அவர் சொன்னாரு. அதனால சம்பளம் அஸ்திவாரம் மாதிரி. அது ஆடினா மேல என்ன கட்டினாலும் நிக்காது.

செய்ய வேண்டியது மூணு. முதல்ல ஒவ்வொரு வேலைக்கும் இதுல இருந்து இது வரைக்கும்னு ஒரு வரம்பு எழுதி வைங்க, யார் எதுல இருக்காங்க, ஏன்னு உங்களால வாய்விட்டுச் சொல்ல முடியணும். ரெண்டாவது, அந்த வரம்பை விளம்பரத்துலயே போடுங்க. உலகம் அந்தப் பக்கம்தான் போகுது, அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல 2021ல இருந்தும் நியூயார்க் நகரத்துல 2022 நவம்பர்ல இருந்தும் அது சட்டம், ஐரோப்பிய ஒன்றியமும் சம்பள வெளிப்படைத்தன்மைக்குன்னு 2023ல ஒரு ஆணை கொண்டு வந்து, 2026 ஜூனுக்குள்ள உறுப்பு நாடுகள் சட்டமாக்கணும்னு கெடு வச்சுது. மூணாவதுதான் பல பேர் கோட்டை விடுற இடம். புதுசா வர்றவனுக்கு மார்க்கெட் விலை கொடுத்து எடுக்கிறோம், ரெண்டு வருஷமா இருக்கிறவன் பழைய விலையிலேயே இருக்கான், வந்தவனுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறதே இவன்தான், ஒரு நாள் கேண்டீன்ல பேச்சு வாக்குல சம்பளம் வெளிய வரும், அன்னைக்கு சாயந்திரமே இவன் பயோடேட்டாவைத் தூசி தட்டுவான். வருஷத்துக்கு ஒரு தடவை, அவங்க கேட்கிறதுக்கு முன்னாடியே, பழையவங்க சம்பளத்தைப் புதுசு பக்கத்துல வச்சுப் பார்த்து ஏத்துங்க. கேட்காம வந்த உயர்வுக்கு இருக்கிற மதிப்பு, ராஜினாமா லெட்டர் கொடுத்து வாங்கின உயர்வுக்கு இருக்காது.

சம்பளத் தேதி தள்ளிப் போறது, ஓவர்டைம் காசைப் பிடிச்சு வைக்கிறது இதெல்லாம் இருந்தா இதோட நிறுத்திட்டு முதல்ல அதைச் சரி பண்ணுங்க.

படி 4: விளம்பரத்துல உண்மையை எழுதுங்க

"துடிப்பான இளைஞர்கள் தேவை, அழுத்தத்தைத் தாங்கி வேலை செய்யும் திறன் அவசியம், தகுதிக்கேற்ற ஊதியம்." இதைப் படிக்கிற 22 வயசுப் பையனுக்கு என்ன புரியும்? ஆள் பத்தாத இடம், ராத்திரி வரைக்கும் இருக்கணும், சம்பளம் சொல்ல மாட்டாங்க. அதையே இப்படி எழுதிப் பாருங்க: "வாடிக்கையாளர் புகார்களைப் போனில் கேட்டுத் தீர்த்து வைக்கும் வேலை. ஒரு நாளைக்கு 40 அழைப்பு வரை வரும், அதில் சிலர் கோபமாகப் பேசுவார்கள், அதைச் சமாளிக்க முதல் மூன்று வாரம் பயிற்சி உண்டு. வாரம் 5 நாள், காலை ஷிப்ட் மட்டும். சம்பள வரம்பு இது. ஆறு மாதம் கழித்து அடுத்த நிலைக்குத் தேர்வு எழுதலாம். முன் அனுபவம் தேவையில்லை." விண்ணப்பம் குறையுமேன்னு பயப்படுவீங்க. குறையலாம், ஆனா வர்றவங்க தெரிஞ்சு வருவாங்க.

புதுசா படிச்சு முடிச்சவங்களுக்கான வேலைக்கு மூணு வருஷ அனுபவம் கேட்காதீங்க. வேலைக்கு உண்மையிலேயே டிகிரி வேணுமான்னு ஒரு தடவை யோசிங்க, வேண்டாம்னா அந்த வரியை எடுத்துடுங்க. விண்ணப்பத்தைப் போன்ல பத்து நிமிஷத்துல முடிக்கிற மாதிரி வைங்க, பயோடேட்டாவை அப்லோடு பண்ணச் சொல்லிட்டு அதே விவரத்தைத் திரும்ப டைப் பண்ணச் சொல்றதை விட எரிச்சல் எதுவும் இல்ல. ஒரு வாரத்துக்குள்ள ஆமா, இல்ல, இன்னும் பார்க்கிறோம்னு ஏதாவது ஒரு பதில் போடுங்க. பதிலே போடாம விடுற கம்பெனி பேரு அவங்க நண்பர்கள் குரூப் முழுக்க அன்னைக்கே போயிடும்.

படி 5: இன்டர்வியூவுல வேலையைக் காட்டுங்க

"உங்களைப் பத்திச் சொல்லுங்க", "அஞ்சு வருஷத்துல எங்க இருப்பீங்க" மாதிரி கேள்விகள்ல பேச்சுத் திறமை தெரியும், வேலைத் திறமை தெரியாது. ஷ்மிட், ஹன்டர்னு ரெண்டு பேர் 85 வருஷ ஆய்வுகளைத் தொகுத்து 1998ல எழுதினதுலயும் சரி, அதைத் திருத்தி 2022ல சாக்கெட் குழு எழுதினதுலயும் சரி, எல்லாருக்கும் ஒரே கேள்வி, முன்கூட்டியே முடிவு பண்ணின மார்க் முறை இருக்கிற இன்டர்வியூ நல்லா வேலை செய்யுதுன்னு வருது. அதோட வேலையில இருந்தே ஒரு சின்னத் துண்டை எடுத்துச் செய்யச் சொல்லிப் பார்க்கிறதும் உதவும். புதுசா வர்றவங்களுக்கு இது ரொம்ப நியாயமான முறை, ஏன்னா அவங்ககிட்ட காட்ட அனுபவம் இல்ல, கையில திறமை இருக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல போற வேலைன்னா அதுக்குக் காசு கொடுங்க. இலவசமா ஒரு புராஜெக்டையே செஞ்சு வாங்கிக்கிறது திருட்டுதான்.

அடுத்தது, வேலையோட கஷ்டத்தையும் முன்னாடியே காட்டுங்க. ஜான் வானஸ்னு ஒரு ஆய்வாளர் 1973ல டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு வந்தவங்கள்ல ஒரு பகுதிக்கு வழக்கமான விளம்பரப் படத்தையும் இன்னொரு பகுதிக்கு வேலையோட நல்லது கெட்டது ரெண்டையும் காட்டுற படத்தையும் போட்டுக் காட்டினாரு. ரெண்டாவது பகுதிக்கு எதிர்பார்ப்பு நிதானமா இருந்துச்சு, சேர்ந்தப்புறம் விட்டுடலாமாங்கிற எண்ணமும் குறைவா இருந்துச்சு. நீங்க படமெல்லாம் எடுக்க வேண்டாம், வேலை நடக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு மணி நேரம் நிக்க வைங்க. அவங்க வயசுலயே ஏற்கனவே அங்க வேலை பார்க்கிற ஒருத்தரோட, மேனேஜர் பக்கத்துல இல்லாம, இருபது நிமிஷம் பேச விடுங்க. அந்தப் பேச்சைப் பத்தி உங்களுக்கு உள்ளுக்குள்ள பயம் வந்துச்சுன்னா படி 2க்குத் திரும்பப் போங்க.

படி 6: முதல் நாளும் முதல் மூணு மாசமும்

நான் இதுல பட்டிருக்கேன். எங்க ஆபீஸ்ல ஒரு பையன் சேர்ந்த அன்னைக்கு லேப்டாப் வரல, ஐடி கார்டு ரெடி ஆகல, அவனோட மேனேஜர் அன்னைக்கு லீவு. ரிசப்ஷன் சோஃபாவுல காலையில 9 மணிக்கு உட்கார்ந்தவன் மத்தியானம் 2 மணி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தான், நான் தற்செயலா அந்தப் பக்கம் போனப்பதான் பார்த்தேன். சாப்பிட்டியாப்பான்னு கேட்டேன், எங்க சாப்பிடணும்னு தெரியல சார்ன்னான். அந்த முகம் எனக்கு மறக்கல. அவன் ரெண்டு மாசம்தான் இருந்தான், என்ன காரணம் எழுதினாலும் அவன் போக முடிவு பண்ணினது அந்த சோஃபாவுலதான்னு நான் நம்புறேன்.

ஆஃபர் லெட்டர் கொடுத்ததுல இருந்து சேர்ற நாள் வரைக்கும் சும்மா விடாதீங்க, அந்த இடைவெளியிலதான் வேற ஆஃபர் வரும். வாரம் ஒரு தடவை மேனேஜரே ஒரு மெசேஜ் போட்டாலே போதும்: உங்க சீட் ரெடி, கூட வேலை பார்க்கப் போறவங்க இவங்க, முதல் வாரம் இதெல்லாம் இருக்கும்னு. முதல் நாள் எல்லாம் தயாரா இருக்கணும், மேஜை, மெயில், கார்டு, மத்தியானம் யாரோட சாப்பிடப் போறாங்கங்கிறது வரைக்கும். ஒரு துணை ஆளை நியமிங்க, மேனேஜர் வேண்டாம், ஒண்ணு ரெண்டு வருஷம் முன்னாடி சேர்ந்தவரா இருக்கட்டும். டாய்லெட் எங்க, லீவு யார்கிட்ட சொல்லணும், எந்த மீட்டிங்ல பேசாம இருக்கிறது நல்லதுங்கிற மாதிரி கேள்விகளை மேனேஜர்கிட்ட யாரும் கேட்க மாட்டாங்க. அந்தத் துணை ஆளோட வேலைப் பளுவை அந்த மாசம் குறைச்சுக் கொடுங்க, இல்லன்னா அது அவருக்கு ஒரு தண்டனையாயிடும்.

முதல் வாரத்துக்குள்ள உண்மையான ஒரு சின்ன வேலையை முடிக்க விடுங்க. நாலு நாள் வீடியோ பார்க்க வச்சு, அஞ்சாவது நாள் பாலிசி படிக்க வச்சா ஆர்வம் அங்கேயே காத்து போன பலூன் ஆயிடும். 30வது நாள், 60வது நாள், 90வது நாள் மூணு தடவை உட்கார்ந்து பேசுங்க. 30வது நாள் கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: நாங்க சொன்னதுக்கும் இங்க இருக்கிறதுக்கும் எங்க வித்தியாசம் இருக்கு? பதில் வர்ற வரைக்கும் அமைதியா இருங்க.

படி 7: மேனேஜரைத் தயார் பண்ணுங்க

எல்லாத்துலயும் இதுதான் பெருசு, நேரம் ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா இதுக்குச் செலவு பண்ணுங்க. டீமுக்கு டீம் ஈடுபாட்டுல இருக்கிற வித்தியாசத்துல குறைஞ்சது 70 சதவீதம் மேனேஜரைப் பொறுத்ததுன்னு கேலப்ங்கிற கருத்துக்கணிப்பு நிறுவனம் சொல்லுது. நாம என்ன பண்றோம், வேலையில கெட்டிக்காரனா இருக்கிறவனைத் தூக்கி மேனேஜர் ஆக்கிடுறோம். மெஷினைப் பார்த்துக்கத் தெரிஞ்சவனுக்கு மனுஷனைப் பார்த்துக்கத் தெரியும்னு யார் சொன்னா? அது தனி வேலை, அதையும் சொல்லித்தான் கொடுக்கணும்.

வாரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொருத்தரோடயும் இருபது நிமிஷம். நாள், நேரம் மாறக் கூடாது, மேனேஜருக்கு வேற மீட்டிங் வந்துடுச்சுன்னு தள்ளிப் போடக் கூடாது, தள்ளிப் போடுற ஒவ்வொரு தடவையும் "நீ அவ்வளவு முக்கியமில்ல"ன்னு சொல்ற மாதிரி. வேலை ஸ்டேட்டஸ் கேட்கிற மீட்டிங்கா இதை ஆக்கிடாதீங்க. முதல் பத்து நிமிஷம் அவங்க பேசட்டும். இந்த வாரம் எது நல்லா போச்சு, எங்க மாட்டிக்கிட்டீங்க, நான் எதை எடுத்து விட்டா உங்க வேலை சுலபமாகும், புதுசா என்ன கத்துக்கிட்டீங்க. ஒரு மேனேஜருக்குக் கீழ 8 பேர்னா வாரத்துக்கு மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒருத்தர் விட்டுட்டுப் போனா விளம்பரம், இன்டர்வியூ, பயிற்சின்னு எத்தனை மணி நேரம் போகுதுன்னு கணக்குப் போட்டுப் பார்த்தா இது ஒண்ணுமே இல்ல.

குறை சொல்றது எப்படின்னு பழக்குங்க. "ரிப்போர்ட் சரியில்ல, கொஞ்சம் பொறுப்பா பண்ணுங்க"ங்கிறதுல எதைத் திருத்தணும்னு தெரியாது, மனசு மட்டும் புண்ணாகும். "நேத்து அனுப்பின ரிப்போர்ட்ல மூணாவது பக்கத்துக் கூட்டல் தப்பா இருந்துச்சு, அதைப் பார்த்து கிளையன்ட் எனக்குப் போன் பண்ணிட்டாரு. அனுப்புறதுக்கு முன்னாடி கூட்டலை இன்னொரு தடவை போட்டுப் பாருங்க, முதல் ரெண்டு தடவை என்கிட்ட காட்டுங்க, அப்புறம் நீங்களே அனுப்பலாம்." இதுல நடந்தது என்ன, விளைவு என்ன, அடுத்து என்ன செய்யணும், எப்போ நம்பி விடுவேன், எல்லாமே இருக்கு. அன்னைக்கோ மறுநாளோ, தனியா கூப்பிட்டுச் சொல்லணும். பாராட்டையும் இதே மாதிரி குறிப்பா சொல்லுங்க, "சூப்பர்பா"ன்னு சொல்லிட்டுப் போறது காதோட நின்னுடும், "அந்தக் கோபமான கஸ்டமரை நீங்க முழுசா பேச விட்டு, அப்புறம் பதில் சொன்னீங்களே, அது நல்லா இருந்துச்சு"ன்னா அதை அவங்க திரும்பச் செய்வாங்க.

இன்னொண்ணு, தப்பை வெளிய சொல்ற தைரியம் அவங்களுக்கு இருக்கணும். ஏமி எட்மண்ட்சன்ங்கிற ஹார்வர்டு பேராசிரியை 1999ல இருந்து எழுதிட்டு வர்ற விஷயம் இது, கூகுள் 180 டீம்களை ஆராய்ஞ்சப்போவும் நல்ல டீமைப் பிரிச்சுக் காட்டின முதல் குணம் இதுதான்: கேள்வி கேட்டா, தெரியலன்னு சொன்னா அசிங்கப்பட மாட்டோம்ங்கிற நம்பிக்கை. புதுப் பையன் ஒருத்தன் "சார், நான்தான் அந்த ஃபைலை டெலிட் பண்ணிட்டேன்"னு வந்து நின்னா மேனேஜரோட முதல் வார்த்தை என்னங்கிறதை அந்த ஃப்ளோர் முழுக்கக் கவனிச்சுட்டு இருக்கும்.

நல்லா வேலை வாங்குற, ஆனா ஆட்களைக் கேவலமா நடத்துற மேனேஜர் உங்ககிட்ட இருந்தா, அவரை வச்சுக்கிட்டு மத்த படி எதையும் செய்யாதீங்க, வீண். 2022ல அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழக மேலாண்மை இதழ்ல டொனால்ட் சல் குழு எழுதினதுல, ஒரு கம்பெனியில இருந்து எத்தனை பேர் போவாங்கங்கிறதைக் காட்டுறதுல நச்சுத்தனமான சூழல் சம்பளத்தை விட 10.4 மடங்கு வலுவா இருந்துச்சு.

படி 8: வளர்ற வழியைக் கண்ணுக்குக் காட்டுங்க

டெலாய்ட்ங்கிற ஆலோசனை நிறுவனம் 2025ல 44 நாடுகள்ல 23,000க்கு மேல இளைஞர்கள்கிட்ட எடுத்த சர்வேயில, தலைமைப் பதவிக்குப் போறதுதான் என் முக்கிய இலக்குன்னு சொன்ன ஜென் ஸீ ஆட்கள் வெறும் 6 சதவீதம். இதைப் பார்த்து லட்சியமே இல்லாத பசங்கன்னு எடுத்துக்காதீங்க, அதே சர்வேயில கத்துக்கிறது, வளர்றதுன்னு பேசுறவங்க நிறைய. எல்லாருக்கும் மேனேஜர் ஆகணும்னு ஆசை இல்ல, தொழில்ல கெட்டிக்காரங்க ஆகணும்னு ஆசை இருக்கு, நம்மகிட்ட இருக்கிற ஏணி மேனேஜர் ஆகுற ஏணி ஒண்ணுதான்.

அதனால ரெண்டாவது ஏணி ஒண்ணு போடுங்க. ஒவ்வொரு வேலைக்கும் நாலஞ்சு நிலை, ஒவ்வொண்ணுலயும் என்னென்ன தெரிஞ்சிருக்கணும், எப்படி நிரூபிக்கணும், நிரூபிச்சா சம்பளம் எவ்வளவு ஏறும்னு ஒரே பக்கத்துல எழுதி எல்லாரும் பார்க்கிற இடத்துல வைங்க. படி சின்னதா இருக்கட்டும், மூணு வருஷத்துக்கு ஒரு பெரிய புரொமோஷனை விட ஆறு மாசத்துக்கு ஒரு சின்ன ஏத்தம் இந்த வயசுல நல்லா பிடிச்சு வைக்கும். தெரேசா அமபிலே, ஸ்டீவன் கிரேமர்னு ரெண்டு ஆய்வாளர்கள் 238 பேரோட கிட்டத்தட்ட 12,000 நாட்குறிப்புகளைப் படிச்சுப் பார்த்து சொன்னது என்னன்னா, அர்த்தமுள்ள வேலையில இன்னைக்குக் கொஞ்சம் முன்னேறினேங்கிற உணர்வுதான் ஒரு நாளை நல்ல நாளாக்குது.

படிக்கிறதுக்கு வேலை நேரத்துலயே நேரம் கொடுங்க, வாரம் ரெண்டு மணி நேரம் போதும். ராத்திரி வீட்டுக்குப் போய் கோர்ஸ் முடிங்கன்னு சொல்றது வளர்ச்சி இல்ல, கூடுதல் வேலை. டீம் மாறணும்னு கேட்டா தடுக்காதீங்க, உள்ளயே மாற விடலன்னா வெளிய மாறிடுவாங்க. "கத்துக் கொடுத்து, அவங்க போயிட்டா?"ன்னு எல்லா முதலாளியும் கேட்பாங்க. சில பேர் போவாங்க. கத்துக் கொடுக்காம விட்டா கத்துக்கணும்ங்கிற ஆசை இருக்கிறவங்க எல்லாருமே போவாங்க.

படி 9: நேரத்துல கொஞ்சம் பிடியைத் தளர்த்துங்க

டிரிப்.காம்ங்கிற சீனப் பயண புக்கிங் கம்பெனியில 1,612 பேரை வச்சு ஆறு மாசம் நடந்த சோதனை 2024ல நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல வந்துச்சு. வாரத்துல ரெண்டு நாள் வீட்டுல இருந்து வேலை பார்க்க விட்டவங்கள்ல வேலையை விட்டது மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது, வேலைத் தரத்துலயோ புரொமோஷன்லயோ வித்தியாசம் இல்ல. அதுக்காக முழுக்க வீட்டுல இருந்தே பார்க்கட்டும்னு விட்டுடாதீங்க, புதுசா வந்தவங்க நிறைய கத்துக்கிறது பக்கத்துல இருக்கிறவங்களைப் பார்த்துத்தான். சாஃப்ட்வேர் இன்ஜினியர்களை வச்சு எம்மா ஹாரிங்டன், நடாலியா இமானுவேல், அமாண்டா பாலைஸ் செஞ்ச ஆய்வுல, டீமோட ஒரே கட்டடத்துல உட்கார்ந்தவங்களுக்கு அவங்க எழுதின புரோகிராம் பத்திக் கூடுதலா கருத்து கிடைச்சுது, அதுல இளம் ஆட்களுக்குத்தான் பலன் அதிகம். அதனால ஆபீஸ் வர்ற நாள்ல சீனியர்களும் வரணும். ஜூனியர் மட்டும் வந்து காலி ஃப்ளோர்ல ஹெட்செட் மாட்டிட்டு உட்கார்ந்தா அந்தப் பயணமே வீண்.

கடை, ஃபேக்டரி, ஆஸ்பத்திரி மாதிரி வீட்டுல இருந்து செய்ய முடியாத வேலைன்னா, ஷிப்ட் அட்டவணையை ரெண்டு வாரம் முன்னாடி போடுங்க, ஆட்கள் தங்களுக்குள்ள ஷிப்டை மாத்திக்க விடுங்க, கடைசி நிமிஷத்துல வராதேன்னு சொல்றதை நிறுத்துங்க. அமெரிக்காவுல கேப்ங்கிற கம்பெனியோட துணிக்கடைகள்ல இதே மாதிரி செஞ்சு பார்த்து 2018ல வெளியிட்ட சோதனையில விற்பனையே 7 சதவீதம் கூடுச்சு. ராத்திரி மெசேஜுக்கு மறுநாள் பதில் சொன்னா போதும்னு எழுத்துல சொல்லிடுங்க. பிரான்ஸ்ல 2017ல இருந்தும் ஆஸ்திரேலியாவுல 2024 ஆகஸ்ட்ல இருந்தும் சட்டமே இதைப் பத்திப் பேசுது.

படி 10: போறவங்களை நல்லபடியா அனுப்புங்க

எல்லாம் செஞ்சாலும் சில பேர் போவாங்க, மேல் படிப்பு, கல்யாணம், வேற ஊர், வேற ஆசை. லெட்டர் கொடுத்ததுக்கு அப்புறம் கூடுதல் சம்பளம் காட்டி நிறுத்தப் பார்க்காதீங்க, மனசு ஏற்கனவே வெளிய போயிருக்கும், பக்கத்துல இருக்கிறவங்களும் லெட்டர் கொடுத்தாத்தான் இங்க காசு வரும்னு கத்துக்குவாங்க. கடைசி நாள் வரைக்கும் மீட்டிங்ல கூப்பிடுங்க, கணக்கை சொன்ன தேதியில முடிங்க, அனுபவச் சான்றிதழை இழுத்தடிக்காதீங்க. போகும்போது நடத்தற பேட்டியை அவங்க மேனேஜர் எடுக்கக் கூடாது. அதை விட, ஆறு மாசம் கழிச்சு ஒரு போன் பண்ணுங்க, அப்போ சான்றிதழ் பயமும் இருக்காது, கோபமும் ஆறியிருக்கும், உண்மை வரும்.

நான் மேல சொன்ன அந்தப் பொண்ணுக்கும் ஆறு மாசம் கழிச்சு போன் பண்ணினேன். புது இடத்துல எப்படி இருக்குன்னு கேட்டேன், நல்லா இருக்கு சார், வெள்ளிக்கிழமை தோறும் என் மேனேஜர் கால் மணி நேரம் என்னோட உட்கார்ந்து பேசுறாங்கன்னு சொன்னாங்க. அப்புறம் அவங்க திருப்பிக் கேட்டாங்க, "என் பழைய டீம்ல இப்போ பேசுறாங்களா சார்?" பேசுறாங்கம்மா, செவ்வாய்க்கிழமையில பேசுறாங்கன்னு சொன்னேன். "அப்போ என் தங்கச்சி இந்த வருஷம் படிப்பை முடிக்கிறா சார், அவளை அப்ளை பண்ணச் சொல்லட்டுமா?"ன்னு கேட்டாங்க.